விதைக்கு மருந்தும் வேண்டும், வேருக்கு முடிச்சும் வேண்டும்: பயறு, கடலை விதை நேர்த்திக்கு ஒரு வழிகாட்டி

உளுந்து விதைத்து முப்பது நாள் இருக்கும். முளைப்பு நன்றாக வந்திருந்தது, வேரழுகி வாடிய செடி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கொல்லை முழுக்க ஒரு வெளிறல். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "யூரியா கேக்குது அண்ணே" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பயறு எதற்கு யூரியா கேட்க வேண்டும்? மண்வெட்டியால் நாலு செடியைப் பெயர்த்து வாய்க்காலில் அலசினேன். ஆணிவேரில் ஒரு முடிச்சு இல்லை. பக்கவேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகளவில் சில இருந்தன, அவ்வளவுதான்.

பயறு வேரில் முடிச்சு போட்டுத் தழைச்சத்து எடுத்துத் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம், அதை வாங்கிக் கலந்துதான் விதைத்திருந்தேன். மருந்துக் கடையில் "எல்லாத்தையும் ஒரே கஞ்சியில போட்டுக் கலந்துக்கங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதைக் கேட்டு, திரம் என்ற பூஞ்சாண மருந்துப் பொடி, ரைசோபியம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா மூன்றையும் ஒரே அன்னக்கூடையில் கொட்டிப் பிசைந்தேன். பாக்கெட்டில் உயிரோடு வந்த பாக்டீரியாவை என் கையாலேயே மருந்தில் முக்கி எடுத்தது அப்போது தெரியவில்லை. அடுத்த பட்டத்திலிருந்து முறையை மாற்றினேன். அந்த முறையையும், அப்படிச் செய்வதற்கான காரணத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வேரில் என்ன நடக்கிறது

காற்றில் ஐந்தில் நாலு பங்கு தழைச்சத்துதான் (நைட்ரஜன்), ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு வகைச் செடி இளம் வேர் வழியாகச் சில பொருட்களைக் கசியவிட்டு மண்ணில் இருக்கும் ரைசோபியத்தை அழைக்கிறது. வந்த பாக்டீரியா பதிலுக்கு ஒரு சமிக்ஞை கொடுக்க, வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. நிலக்கடலையில் வழி கொஞ்சம் வேறு: பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்தில் உண்டாகும் இடுக்கு வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. அப்புறம் முடிச்சு உருவாகும். செடி சர்க்கரை கொடுக்கும், பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கும்.

இதில் நமக்கு முக்கியமானது நேரம். விதை முளைத்த முதல் சில நாட்களில், முளைவேருக்குப் பக்கத்தில், போதுமான எண்ணிக்கையில் பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும். அப்போது இருந்தால் ஆணிவேரின் மேல்பகுதியிலேயே, தண்டுக்குக் கீழே, கொத்தாக முடிச்சு பிடிக்கும். விதையில் தடவியது செத்துப்போயிருந்தால், வேர் வளர்ந்து போகும் வழியில் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவைச் சந்தித்தால்தான் உண்டு. அது தாமதமாக, பக்கவேர்களில், சிதறலாக வரும். என் உளுந்தில் நடந்தது அதேதான்.

எந்த மருந்து எவ்வளவு கெடுக்கும்

பூஞ்சாணக் கொல்லி என்று பெயர் இருந்தால் பூஞ்சாணத்தை மட்டும் கொல்லும் என்று நினைக்கத் தோன்றும். சில மருந்துகள் அப்படித்தான், சில அப்படியில்லை. மருந்து எந்த இடத்தில் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

கார்பண்டசிம், பூஞ்சாணத்தின் செல் பிரிவதற்கு வேண்டிய டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பாக்டீரியா அந்தப் புரதத்தை வைத்துக்கொண்டு பிரிவதில்லை. அதனால் இது ரைசோபியத்துக்குப் பெரும்பாலும் மிதமானது. மெட்டலாக்சில், ஃப்ளூடியாக்சோனில் போன்றவையும் பூஞ்சாணத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தைக் குறிவைப்பவைதான். அதற்காக இவற்றைச் சாதுவென்று சொல்லிவிட முடியாது. மருந்தோடு சேர்ந்திருக்கும் கரைப்பான், சாயம், ஒட்டும் பொருள் இவையும் பாக்டீரியாவைக் காயவைக்கும்.

திரம், கேப்டான், மான்கோசெப் வேறு ரகம். செல்லுக்குள் கந்தகம் கொண்ட நொதிகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சாணமா பாக்டீரியாவா என்று பார்க்காது. பல இடத்தில் அடிப்பதால் பூஞ்சாணம் சுலபத்தில் எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளாது என்பது இவற்றின் பலம். அதே குணம்தான் ரைசோபியத்துக்கு எமன்.

கடையில் கிடைக்கும் கூட்டு மருந்துகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கார்பண்டசிம் என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் கார்பண்டசிம் 12%, மான்கோசெப் 63% என்று இருக்கும். கார்பாக்சின் என்று வாங்குவதில் பாதிக்குப் பாதி திரம். பெரிய எழுத்தில் இருக்கும் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் படியுங்கள்.

தாமிரம் கலந்த மருந்தும், பாக்டீரியா நோய்க்கென்று விற்றுவந்த ஸ்ட்ரெப்டோமைசின் கலவையும் ரைசோபியம் போடும் விதைக்கு அருகிலேயே வரக்கூடாது. அவை பாக்டீரியாவைக் கொல்லவே செய்யப்பட்டவை.

24 மணி நேரம்: எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்ட கணக்கு

பூஞ்சாண மருந்து தடவி 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம் தடவ வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள், ஒரு நாளில் மருந்தின் வீரியம் போய்விடும், அப்புறம் பயமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மருந்து எங்கும் போவதில்லை. மண்ணில் விதையைப் பல நாள் காக்க வேண்டிய மருந்து ஒரே நாளில் போய்விட்டால் அதற்குக் காசு கொடுத்து என்ன பயன்? அந்த ஒரு நாளில் நடப்பது வேறு. மருந்து விதைத்தோலில் காய்ந்து இறுகிக்கொள்கிறது. அடுத்து ஈரக் கஞ்சியோடு ரைசோபியம் வரும்போது மருந்து அவ்வளவாகக் கரைந்து கலப்பதில்லை. கலக்காது என்று சொல்ல முடியாது, குறைவாகக் கலக்கும். அவ்வளவுதான் லாபம்.

ஆகவே இன்னொரு கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்: ரைசோபியம் தடவியதிலிருந்து விதை ஈரமண்ணில் விழும் வரை ஆகும் நேரம். பிரேசிலில் சோயா விதையில் செய்த ஆய்வில், மருந்து தடவிய விதையில் இட்ட பாக்டீரியா 2 மணி நேரத்திலேயே 62% வரையும், 24 மணி நேரத்தில் 95% வரையும் செத்திருக்கிறது. எல்லா மருந்திலும் இவ்வளவு சேதம் இல்லை, இது மோசமான நிலையின் கணக்கு. ஆனால் போகும் திசை தெளிவு. திங்கட்கிழமை மருந்து, செவ்வாய்க்கிழமை ரைசோபியம், மழை வரட்டும் என்று காத்திருந்து வியாழக்கிழமை விதைப்பு என்றால், 24 மணி நேர விதியைப் பின்பற்றியும் தோற்றுவிட்டோம்.

விதைக்கு மருந்து தேவையென்றால் ரைசோபியத்தை விதைக்கும் அன்றே தடவ வேண்டும். அது முடியாத இடத்தில் விதையை விட்டுவிட்டு மண்ணில் இட வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான், மற்றதெல்லாம் விவரம்.

படி 1: மருந்து வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பழக்கத்துக்காக மருந்து போடாதீர்கள். விதைப்பதற்குப் பத்து நாள் முன்னால் நூறு விதையை எண்ணி எடுத்து, நனைத்த சாக்கில் சுருட்டி, ஈரம் காயாமல் வையுங்கள். நான்கைந்து நாளில் எடுத்துப் பார்த்தால் முளைப்பும் தெரியும், நோயும் தெரியும். நிலக்கடலைப் பருப்பில் கரி பூசியது போலக் கறுப்புப் பொடி படர்ந்திருந்தால் அது கழுத்தழுகலுக்குக் காரணமான பூஞ்சாணம். அந்த விதைக்கு மருந்து கட்டாயம். போன பட்டத்தில் அந்தக் கொல்லையில் செடிகள் திட்டுத்திட்டாக வாடி, பிடுங்கினால் பட்டை உரிந்து வந்ததா? அது வேரழுகல், அதற்கும் விதை நேர்த்தி வேண்டும்.

மஞ்சள் தேமலுக்குப் பயந்து பூஞ்சாண மருந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. கார்பண்டசிம் அதை ஒன்றும் செய்யாது. தாங்கும் ரகத்தைத் தேடுவதுதான் அதற்கு வழி.

வாங்கிய விதை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயம் ஏறியிருந்தால் ஏற்கெனவே மருந்து தடவியாயிற்று என்று அர்த்தம். பையில் என்ன மருந்து என்று எழுதியிருக்கும். அதன்மேல் இன்னொரு முறை தடவ வேண்டாம்.

படி 2: உங்கள் மண்ணுக்கு ரைசோபியம் எவ்வளவு முக்கியம்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கடலை ஆகியவற்றுக்கு ஏறக்குறைய ஒரே கூட்டத்துப் பாக்டீரியாதான் முடிச்சு போடுகிறது. இவற்றில் ஏதாவதொன்றை அடிக்கடி பயிரிட்ட நிலத்தில் மண்ணிலேயே கொஞ்சம் இருக்கும். விதையில் இட்டது செத்தாலும் பயிர் தட்டுத்தடுமாறி வந்துவிடும், நட்டம் கண்ணுக்குத் தெரியாது. "நான் காலங்காலமா ஒண்ணாத்தான் கலக்குறேன், ஒண்ணும் ஆகலை" என்று சிலர் சொல்வது இதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை, மண் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மணல்பாங்கான நிலம், புதிதாகத் திருத்திய நிலம், முதல்முறையாக அந்தப் பயிர் என்றால் கதை வேறு. கொண்டைக்கடலையும் சோயாவும் தங்களுக்கென்று தனி வகைப் பாக்டீரியாவைக் கேட்கும். உளுந்து விளைந்த மண்ணில் இருப்பது அவற்றுக்கு உதவாது. அங்கே விதையில் இட்டதுதான் முதலும் முடிவும்.

படி 3: மருந்து தடவுதல்

ஒரு ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து என்று கணக்கு வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு கார்பண்டசிம் 2 கிராம், ஆக 16 கிராம். திரம் என்றால் கிலோவுக்கு 4 கிராம், 32 கிராம். இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், ரைசோபியமும் விதையிலேயே போடப்போகிறீர்கள் என்றால் கார்பண்டசிம் மட்டும் உள்ள பொடியை எடுங்கள் என்பேன். கழுத்தழுகல் கடுமையாக வரும் கடலைக் கொல்லையில் திரம்தான் வேண்டும் என்றால், ரைசோபியத்தை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் பாகத்துக்கு மேல் போகாமல் விதையைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, மருந்தைத் தூவி, மூடி, தரையில் ஐந்து நிமிடம் உருட்டுங்கள். கையுறை போடுங்கள், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு நிழலில் பரப்பி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது என்ற நினைப்பு இங்கே வேண்டாம். கூடுதல் மருந்து பூஞ்சாணத்தை இரண்டாம் முறை கொல்லப்போவதில்லை, ரைசோபியத்தைத்தான் கொல்லும்.

பூச்சி மருந்தும் விதைக்குத் தர வேண்டும் என்றால் வரிசை இது: முதலில் பூஞ்சாண மருந்து, அடுத்து பூச்சி மருந்து, கடைசியில் ரைசோபியம். வேளாண் ஆட்கள் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து இதை எஃப்.ஐ.ஆர். என்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வந்தால் வரிசை மறக்காது.

படி 4: ரைசோபியம் விதையில்

200 கிராம் பாக்கெட்டை வாங்கும்போதே மூன்று விஷயம் பாருங்கள்: பயிரின் பெயர், காலாவதி தேதி, கடையில் அது இருந்த இடம். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் யூரியா மூட்டைக்கு மேலே கிடந்தது என்றால் தேதி சரியாக இருந்தும் பயனில்லை. வீட்டிலும் மருந்துப் பொட்டலத்தோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள்.

விதைக்கும் அன்று காலையில், விதையில் ஒட்டவைக்க ஆறிய அரிசிக் கஞ்சி. ஆறிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். விரலை விட்டுப் பார்த்தால் துளியும் சூடு தெரியக்கூடாது. ஒரு பாக்கெட்டுக்கு 200 முதல் 300 மில்லி போதும். கஞ்சியில் ரைசோபியத்தைக் கரைத்து, பாஸ்போபாக்டீரியா ஒரு பாக்கெட்டையும் சேர்த்து, விதைமேல் தெளித்து, எல்லா விதையிலும் பாக்கெட்டின் கறுப்புப் பொடி மெல்லிசாகப் படியும் வரை கலக்குங்கள். தண்ணீராக வழியக்கூடாது. வழிந்தால் காய்ந்திருக்கும் மருந்து கரைந்து வந்துவிடும், ஒரு நாள் காயவைத்ததெல்லாம் வீண். நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் விதையுங்கள்.

கடலைக்கு இன்னும் நிதானம் வேண்டும். பருப்பின் சிவப்புத் தோல் ஈரம் பட்டால் நெகிழ்ந்து, கையால் பிசைந்தால் உரிந்துவிடும். தோல் உரிந்த பருப்பு மண்ணில் அழுகும், எந்த மருந்தும் காப்பாற்றாது. அகலமான சாக்கில் பரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டுங்கள். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்பதால் நான் இரண்டு பாக்கெட் போடுவேன்.

நெல் அறுவடைக்கு முந்தி வயலில் உளுந்து தெளிக்கும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விதை மண்ணுக்குள் போகாமல் சேற்றின் மேலேயே கிடக்கிறது. நெற்பயிரின் நிழல் ரைசோபியத்தை வெயிலிலிருந்து கொஞ்சம் காப்பாற்றும், இருந்தாலும் மாலை நேரத்தில் தெளிப்பது நல்லது.

படி 5: மண்ணில் இடுதல்

திரமோ கூட்டு மருந்தோ போட்ட விதை, கடையில் சாயத்தோடு வாங்கிய விதை, மழைக்காக எப்போது விதைப்போம் என்று தெரியாத மானாவாரி: இந்த மூன்றுக்கும் என் கை இதற்குத்தான் போகும். ஏக்கருக்கு 4 பாக்கெட் ரைசோபியம், 4 பாக்கெட் பாஸ்போபாக்டீரியா. 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து, விதைப்புக்குச் சற்று முன்னால், ஈரமிருக்கும்போது தூவி உடனே உழுது மறைத்துவிட வேண்டும். வெயில் உச்சியில் தூவிவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. திரவ ரைசோபியம் கிடைத்தால் ஏக்கருக்கு 200 மில்லி, அதே தொழுவுரத்தில்.

கையால் கோடு போட்டு விதைப்பவர்கள் இந்தக் கலவையை விதைக்கும் கோட்டிலேயே இட்டால் இன்னும் நல்லது. பாக்டீரியா தானாக நடந்து வெகுதூரம் போகாது, வேர் வரும் வழியில் இருக்க வேண்டும். சில பாக்கெட் கூடுதல் செலவுதான். ஒரு மூட்டை யூரியா தூக்கிவரும் சிரமத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

டிரைக்கோடெர்மா போடுபவர்களுக்கு

இவை நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் உயிர் மருந்துகள்: கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், இல்லையென்றால் சூடோமோனஸ் 10 கிராம். நோய் கடுமையாக இல்லாத நிலத்தில் எனக்குப் பிடித்த வழி இது. ரைசோபியத்தோடு சண்டை போடாது, முதலில் இதைத் தடவிவிட்டு அடுத்து ரைசோபியம் தடவலாம். ஆனால் கார்பண்டசிமோடு சேர்க்கவே கூடாது. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான், மருந்து அதை நல்லவன் என்று விடாது. ரெண்டும் போட்டால் டபுள் பாதுகாப்பு என்று நினைத்துச் செலவு செய்பவர்கள், முதல் மருந்தால் இரண்டாவதைக் கொன்றுவிட்டு வருகிறார்கள்.

படி 6: முப்பதாவது நாள் வேரைப் பாருங்கள்

செடியைக் கையால் இழுக்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும், இல்லை என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள். ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைக் குத்தி, மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள். கொல்லையில் பத்து இடத்தில் பத்துச் செடி.

முதலில் இடத்தைப் பாருங்கள். ஆணிவேரின் மேல் இரண்டு அங்குலத்தில் கொத்தாக இருந்தால் நீங்கள் இட்டது வேலை செய்திருக்கிறது. அடுத்து நிறம். முடிச்சை நகத்தால் இரண்டாகக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக, கறித்துண்டு போல இருக்க வேண்டும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குப் பங்காளியான ஒரு பொருள் தரும் நிறம் அது. சிவப்பு இருந்தால் தழைச்சத்து வருகிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை அல்லது உபயோகமில்லாத முடிச்சு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது.

வேரைத் தாக்கும் நூற்புழுவின் முடிச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், கட்டைவிரலால் தள்ளினால் உதிரும். நூற்புழுவென்றால் வேரே வீங்கியிருக்கும், உதிராது.

முடிச்சு இல்லையென்றால்? அந்தப் பயிரில் திரும்ப ரைசோபியம் இட்டுப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. பூக்கும் சமயத்தில் 2% டிஏபி உரக் கரைசல், பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளித்து விளைச்சலை ஓரளவு தேற்றலாம். முடிச்சு நன்றாகப் பிடித்த கொல்லையில், வெளிறல் தெரிகிறதென்று யூரியாவை அள்ளி வீசாதீர்கள். தழைச்சத்து கையில் கிடைத்தால் செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும்.

யார் பேச்சையும், என் பேச்சையும் சேர்த்து, நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. அடுத்த பட்டத்தில் ஒரே கொல்லையில் நாலு பாத்தி ஒதுக்குங்கள். ஒன்றில் வெறும் விதை, ஒன்றில் மருந்து மட்டும், ஒன்றில் ரைசோபியம் மட்டும், ஒன்றில் இரண்டும். ரைசோபியம் பாத்திகளைக் கடைசியில் விதைத்தால் கையில் ஒட்டியது மற்ற பாத்திக்குப் போகாது. முப்பதாவது நாள் ஒவ்வொன்றிலும் பத்துச் செடி எடுத்து முடிச்சை எண்ணி எழுதிவையுங்கள். வெறும் விதைப் பாத்தியிலேயே ஆணிவேர் நிறைய முடிச்சு இருந்தால் உங்கள் மண்ணில் பாக்டீரியா இருக்கிறது. மூன்றாவது பாத்திக்கும் நான்காவதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதுதான் நீங்கள் வாங்கும் மருந்து உங்கள் ரைசோபியத்துக்குச் செய்யும் வேலை.

மிச்சமான மருந்து விதையை மட்டும் கோழி எட்டாத இடத்தில் புதைத்துவிடுங்கள். கஞ்சி கலக்கிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த அன்னக்கூடை இப்போது கொட்டகையில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.